எருசலேமில் ஒரு வெள்ளைக் கொடி

தலைநகர்த் தமிழர்களுள் பலர் நாள்தோறும் அலுவலகம் செல்லும் வழியில் தீன்மூர்த்திச் சதுக்கத்தைக் கண்டிருப்பர். வெண்கல வீரர் மூவர் சூழ நிற்கும் அந்த நினைவுத்தூண், முதல் உலகப் போரின்போது சினாய், பாலஸ்தீனம், சிரியா ஆகிய நிலங்களில் போரிட்ட ஐதராபாத், மைசூர், சோத்பூர்ச் சமஸ்தானங்களின் குதிரைப் படையினரை நினைவுகூர்வது. 1918 செப்டம்பர் 23-ஆம் நாள் ஹைஃபா நகரை வென்றதில் மைசூர், சோத்பூர் வீரர்களின் பங்கு பெரிது. 2018-இல் அச்சதுக்கத்தின் பெயரோடு ஹைஃபாவின் பெயரும் இணைக்கப்பட்டது. பேருந்தின் சாளரத்தோரத்தில் அமர்ந்து அச்சிலைகளைப் பல்லாண்டுகள் கண்டிருந்தும், அவை எந்த மண்ணை நோக்கி நிற்கின்றன என்று நாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வீரர்கள் குதிரையேறிப் போரிட்ட நாட்டிற்கு, 37 ஆண்டுகளுக்கு முன்னரே, படைக்கலம் ஏதுமின்றிச் சென்று இறங்கினர் பதினாறு பேர். அவர்களுக்குத் தில்லியில் சிலையில்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை. ஆயினும் அவர்கள் வரலாறு சொல்லத்தக்கது. அதனை நாம் தேடிச் சென்றதற்குக் காரணம் ஒரு பாடல்.

எம் குடியிருப்பில் அடுத்த வாயிலில் வாழும் பெரியவர் பாளையங்கோட்டைப் பக்கத்தவர். இராணுவ மருத்துவமனையொன்றில் நோயாளர்க்குப் பணிவிடை செய்து ஓய்வு பெற்றவர். அவர் இல்லத்தில் மாதம் ஒருமுறை செபக்கூட்டம் நடைபெறும். துன்பம் கடலலைபோல் வந்து மோதினும் உள்ளம் நலமுற்றிருக்கிறது என்னும் கருத்தமைந்த ஆங்கிலப் பாடல் ஒன்று அக்கூட்டத்தில் தவறாது ஒலிக்கும். சுவருக்கு இப்பால் இருந்தே அதன் இசை எமக்குப் பழகிவிட்டது. ஒருநாள் அவரிடம், “இந்தப் பாட்டை எழுதியவர் யார் ஐயா?” என்று வினவினோம். “ஸ்பாஃபோர்டு என்று ஒருவர், தம்பி. நான்கு பெண்பிள்ளைகளைக் கடலில் பறிகொடுத்தவர். பிற்பாடு எருசலேமுக்குப் போனதாகக் கேள்வி. அதற்குமேல் எனக்குத் தெரியாது” என்றார். அந்த ‘அதற்குமேல்’ என்ன என்பதே இக்கட்டுரை.

ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு சிக்காகோ நகரத்து வழக்குரைஞர். சமயப் பற்று மிக்கவர். அவர் மனைவி அன்னா நார்வே நாட்டில் பிறந்தவர். 1871 அக்டோபரில் சிக்காகோவை எரித்த பெருந்தீ, நிலங்களில் அவர் போட்டிருந்த முதலையும் உடன் விழுங்கிற்று. ஈராண்டுகள் கழித்து, 1873 நவம்பரில், மனைவியையும் நான்கு மகள்களையும் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, தொழில் நிமித்தம் தாம் பின்தங்கினார். நவம்பர் 22-ஆம் நாள் நடுக்கடலில் ‘வீல் து ஆவர்’ என்னும் அக்கப்பல் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 226 பேர் மாண்டனர். மகள்கள் நால்வரும் மாண்டோருள் அடங்குவர். அன்னா மட்டும் மிதந்த மரத்துண்டினால் உயிர் தப்பி, தாம் ஒருத்தியே பிழைத்ததாகக் கணவருக்குத் தந்தி அனுப்பினார். அத்துயரத்தினின்று பிறந்ததே அப்பாடல். அதற்கு இசையமைத்த பிலிப் பிளிஸ், மூழ்கிய கப்பலின் பெயரையே அம்மெட்டுக்கும் சூட்டினார்.

அதன்பின் பிறந்த ஆண்மகவும் 1880-இல் நோயுற்று இறந்தது. துயரம் தெய்வ தண்டனையே என்று பேசிய திருச்சபையாரோடு ஸ்பாஃபோர்டு தம்பதியர்க்கு மன வேறுபாடு தோன்றியது; தம் கருத்தை ஏற்ற சிலருடன் தனித்து வழிபடத் தொடங்கினர். ஸ்பாஃபோர்டு மீது கடன் தொல்லைகளும், பிறர் பணத்தைக் கையாண்டதில் குற்றச்சாட்டுகளும் இருந்தன என்பதை மறைத்தற்கில்லை. பாடலை மட்டும் அறிந்தோர் இப்பகுதியைச் சொல்வதில்லை. ஊரை விட்டு ஓடியவர் என்று தூற்றுவோர் பாடலைச் சொல்வதில்லை. 1881 ஆகஸ்டில், பெரியோர் பதின்மூவரும் குழந்தைகள் மூவருமாகப் பதினாறு பேர் புறப்பட்டுச் செப்டம்பரில் எருசலேம் சேர்ந்தனர். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை அண்மையில் நிகழும், அதனை ஒலிவமலையருகே இருந்து காண வேண்டும் என்பதே அவர்கள் நம்பிக்கை. எனவே அவர்கள் தொண்டு செய்யச் சென்றவர்கள் அல்லர், காத்திருக்கச் சென்றவர்கள்.

அவர்கள் சென்று சேர்ந்த நகரம் எத்தகையது? மூன்று சமயத்தார் போற்றும் அத்திருநகர் அப்போது துருக்கியரின் உதுமானியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. கிறிஸ்துவின் திருக்கல்லறைக் கோயிலை ஆறு கிறித்தவப் பிரிவினர் பகிர்ந்து வழிபடுகின்றனர். ஒரு படிக்கட்டை யார் துடைப்பது, ஒரு விளக்கை யார் ஏற்றுவது என்பதிலும் பூசல் எழுவதுண்டு. அக்கோயிற் கதவின் திறவுகோல் சூதே, நுசைபே என்னும் இரு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில் வழிவழியாக இருந்து வருகிறது. 1847-இல் பெத்லகேம் கோயிலின் வெள்ளி விண்மீன் காணாமற்போனதை ஒட்டி மூண்ட வாக்குவாதத்தில், பிரான்சு ஒரு புறமும் உருசியா ஒரு புறமும் நின்றன; 1853-இல் வெடித்த கிரீமியப் போருக்கு அதுவும் ஒரு காரணம். ஒரு கோப்பின்மேல் இரு பிரிவினர் உரிமை கொண்டாடினால் என்ன நேரும் என்பது எம்மைப் போன்ற எழுத்தர்களுக்குத் தெரியும். ‘இப்போதுள்ளபடியே இருக்கட்டும்’ என்று மேலிடம் குறிப்பெழுதும். துருக்கிச் சுல்தானும் அவ்வாறே ஆணையிட்டார். அந்த ‘உள்ளபடியே’ ஏற்பாடுதான் இன்றும் அக்கோயில்களை ஆள்கிறது.

வந்த பதினாறு பேரும் பழைய நகரின் வடமதிலையொட்டி, தமஸ்கு வாயிலுக்கு அருகில் முஸ்லிம் மக்கள் வாழும் பகுதியில் ஒரு வீட்டை எடுத்துக் கொண்டனர். (அவ்வீட்டிற்குச் சற்றுத் தொலைவில், ஏரோது வாயிலருகே, பாபா ஃபரீத் தங்கித் தவமிருந்ததாக மரபு கூறும் இந்தியர் விடுதி பன்னூறாண்டுகளாக இருந்து வருகிறது என்பதை நம்மவர் அறிந்தால் மகிழ்வர்.) அயலார்க்கு நோய் வந்தால் இவர்கள் சென்று பார்த்தனர். பசித்து வந்தவர்க்கு, தம்மிடம் இருந்ததைப் பகிர்ந்தனர். எவரையும் மதம் மாற்ற முயலவில்லை. அக்காலத்தில் எருசலேமுக்கு வந்த கிறித்தவச் சங்கங்கள் பலவும் அதனையே முதற்பணியாகக் கொண்டிருந்தமையால், இவர்களுடைய இப்போக்கு முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் வியப்பளித்தது. மற்றக் கிறித்தவர்களுக்கோ ஐயம் அளித்தது.

1882-இல் ஏமன் நாட்டிலிருந்து யூதர் கூட்டமொன்று வறியராய் வந்து சேர்ந்தது. அவர்களுடைய மொழி ஒலிப்பும் பழக்கவழக்கமும் வேறாக இருந்தமையால் உள்ளூர் யூதரே அவர்களை ஏற்கத் தயங்கினர். ஸ்பாஃபோர்டு குழுவினர் அவர்களுக்கு உணவளித்தனர். அவர்கள் விவிலியம் கூறும் காத் குலத்தவர், அவர்கள் வருகை இறுதிக்காலத்தின் அடையாளம் என்று ஸ்பாஃபோர்டு எண்ணியதும் இவ்வுதவிக்கு ஒரு காரணம். அவர் எண்ணம் பிழையாகலாம். உண்ட சோறு உண்மை.

‘அமெரிக்கன் காலனி’ என்று அக்குழுவை உலகம் அழைத்தது. அரசுக் குடியிருப்புகளில் வாழும் நமக்குக் ‘காலனி’ என்றவுடன் தண்ணீர்த் தொட்டியும் பால் நிலையமும் நினைவுக்கு வரும். அங்கேயோ அது பொதுவுடைமை வாழ்வு. தனிச்சொத்து இல்லை, ஒரே அடுக்களை, ஊதியமில்லா உழைப்பு. 1888-இல் ஸ்பாஃபோர்டு இறந்தபின் தலைமை அன்னாவின் கைக்கு வந்தது. அவ்வம்மையார் அன்பு மிக்கவர், அதிகாரமும் மிக்கவர். திருமணமானவரும் பிரிந்து வாழ வேண்டும் என அவர் விதித்த கட்டளை குடும்பங்களைப் புண்படுத்தியது. பின்னாளிலேயே அது தளர்த்தப்பட்டது. சிக்காகோ நீதிமன்றத்தில் வழக்கொன்றும் நடந்தது. எருசலேமில் இருந்த அமெரிக்கத் தூதுவர் செலா மெரில் இவர்களைக் கடுமையாக வெறுத்தார். தொண்டு செய்தோர் என்பதற்காக இக்குறைகளை நாம் விழுங்கிவிட்டால், அது வரலாறாகாது. விழா மலர்ப் பாராட்டுரையாகிவிடும்.

1896-இல் சுவீடன் நாட்டவர் வந்து சேர்ந்தனர். ஒரு பகுதியினர் சிக்காகோவிலிருந்தும், முப்பதுக்கு மேற்பட்டோர் நோஸ் என்னும் சிற்றூரிலிருந்து வீடு நிலம் விற்றும் வந்தவர்கள். அப்புலப்பெயர்ச்சியை வைத்தே செல்மா லாகர்லோவ் ‘எருசலேம்’ என்னும் புதினத்தை எழுதினார். பின்னர் 1909-இல் நோபல் பரிசும் பெற்றார். வந்த உழவர்களால் குடியிருப்பின் நிலை மாறிற்று. மதிலுக்கு வெளியே வடக்கில், சேக் சர்ரா பகுதியிலிருந்த பெரிய மாளிகைக்கு அவர்கள் இடம்பெயர்ந்தனர். பண்ணை, அடுமனை, தச்சு, நெசவு எனத் தொழில்கள் பெருகின. காத்திருக்க வந்தவர்கள் உழைக்கத் தொடங்கிவிட்டனர்.

அத்தொழில்களுள் புகைப்படத் தொழிலை விரித்துரைக்க வேண்டும். அதனைத் தொடங்கியவர் இலையா மேயர்சு என்பவர். இந்தியாவிலிருந்து சென்று கிறித்தவரான யூதர். 1898-இல் செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லெம் எருசலேமுக்கு வந்தபோது அவ்வருகையைப் படமெடுத்ததில் அத்தொழில் கால்கொண்டது. 1915-இல் பாலஸ்தீனத்தின்மேல் வெட்டுக்கிளிப் படை இறங்கி, பயிரையும் ஒலிவ மரத்தின் பட்டையையும் ஒருசேரத் தின்றபோது, துருக்கியத் தளபதி செமால் பாஷாவின் வேண்டுகோளின்படி அதன் முட்டை முதல் சிறகு முளைத்த நிலை வரை இவர்கள் படம்பிடித்தனர். அக்குழுவில் வளர்ந்த எரிக் மாட்சன் அமெரிக்கா சென்றபின், 20,000-க்கு மேற்பட்ட படத்தகடுகளை 1966-இல் வாசிங்டன் காங்கிரசு நூலகத்திற்கு அளித்தார். அந்நாட்டின் ஒரு காலம் முழுவதும் இன்று நம் கண்முன் நிற்பதற்கு அத்தகடுகளே பெருங்காரணம்.

வெட்டுக்கிளி வந்த ஆண்டில் போரும் நடந்துகொண்டிருந்தது. 1914-இன் இறுதியில் துருக்கி போரில் இறங்கியதும் கடல்வழி அடைபட்டது. இளைஞர்கள் படைக்குப் பிடிக்கப்பட்டனர். எஞ்சிய விளைச்சலைப் படை கொண்டது; படை விட்டதை வெட்டுக்கிளி கொண்டது. பஞ்சமும் நச்சுக்காய்ச்சலும் நகரைப் பிடித்தன. அவ்வேளையில் அமெரிக்கக் குடியிருப்பார் கஞ்சித் தொட்டி திறந்தனர். அமெரிக்காவிலிருந்து வந்த நன்கொடையைக் கொண்டு நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர்க்குச் சமயம் பாராது கஞ்சி வார்த்தனர். தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டியார் சொல்லக் கேட்ட குடும்பங்களுக்கு, கஞ்சித் தொட்டி என்னும் சொல்லின் சூடு விளங்கும்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா செருமனியின்மேல் போர் தொடுத்தது; துருக்கி அமெரிக்காவுடன் உறவை முறித்துக் கொண்டது. குடியிருப்பாரின் நிலை இக்கட்டானது. வெளியேறியிருக்கலாம். ஆனால் காசாப் போர்முனையிலிருந்து காயமுற்ற துருக்கி வீரர்கள் வண்டி வண்டியாக எருசலேமுக்கு வந்துகொண்டிருந்தனர். அவர்களைப் பேண ஆளில்லை. அன்னாவின் மகள் பெர்த்தாவும் மற்றையோரும் செமால் பாஷாவிடம் சென்று, அவர்களைப் பேணும் பணியைத் தாமே ஏற்பதாகக் கூறினர். பாஷா இசைந்தார். பகைநாட்டுக் குடிமக்கள் என்று ஐயுறத்தக்கவர்களே அந்நாட்டு வீரரின் புண்ணைக் கழுவும் காட்சியை எருசலேம் கண்டது. செவிலியர் கல்வி பெற்றோர் அவர்களுள் சிலரே. மற்றவர்கள் தச்சரும் உழவரும் இல்லத்தரசியரும் ஆவர்.

இனி அந்த வெள்ளைக் கொடி. 1917 டிசம்பர் 9-ஆம் நாள் விடியுமுன் துருக்கிப் படை நகரை விட்டு அகன்றது. நானூறு ஆண்டு ஆட்சி ஓரிரவில் முடிந்தது. நகரத்தலைவர் உசேன் அல்-உசைனி, ஆங்கிலப் படையிடம் நகரை ஒப்படைக்கப் புறப்படுகையில் அமெரிக்கக் குடியிருப்புக்கு வந்து செய்தி சொன்னார். சமாதானக் கொடி வேண்டுமே! குடியிருப்பார் நடத்திய மருத்துவமனையிலிருந்து ஒரு படுக்கை விரிப்பு கிழித்தெடுக்கப்பட்டுக் கோலில் கட்டப்பட்டது. அதனை ஏந்திச் சென்ற நகரத்தலைவர் முதலில் எதிர்ப்பட்டது தளபதியை அன்று. முட்டை தேடி வழிதவறிய ஆங்கிலப் படையின் சமையற்காரரை! நகரத்தின் சாவியைப் பெறும் தகுதி தமக்கில்லை என அவர்கள் விலகிக்கொள்ள, அடுத்து வந்த சார்சண்டு இருவரும் ஏற்க மறுத்தனர். அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் மேசைக்கு மேசை அலைவதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பில்லை. அந்தச் சார்சண்டுகளுடன் நகரத்தலைவரும் கொடியும் நிற்கும் காட்சியைக் குடியிருப்பைச் சேர்ந்த லூயிசு லார்சன் படமெடுத்தார். சில வாரங்களுக்குள் நகரத்தலைவர் நோயுற்று மறைந்தார். அவ்விரிப்பின் ஒரு பகுதி இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

டிசம்பர் 11-ஆம் நாள் தளபதி ஆலன்பி யாப்பா வாயில் வழியாகக் கால்நடையாக நகருள் புகுந்தார். செருமானியப் பேரரசர் 1898-இல் குதிரைமீது நுழைவதற்காக அவ்வாயிலருகே மதிலும் அகழியும் இடிக்கப்பட்டும் தூர்க்கப்பட்டும் இருந்ததை நினைவில் வைத்தே ஆலன்பி இவ்வாறு நடந்து வந்தார் என்பர். பாறைக் குவிமாட மசூதிக்கு இந்திய முஸ்லிம் வீரர்கள் காவல் வைக்கப்பட்டனர். திருக்கல்லறைக் கோயிற் கதவைக் காக்கும் முஸ்லிம் குடும்பத்தார் தம் பழைய பணியைத் தொடருமாறு கேட்டுக் கொள்ளப்பட்டனர்.

அன்னா 1923-இல் காலமானார். 1925-ஆம் ஆண்டின் கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள், பெத்லகேமருகே இடையர் வயலில் பாடுவதற்காகப் பெர்த்தா புறப்பட்டார். வழியில் ஓர் ஏழை அரபியர், நோயுற்ற மனைவியைக் கழுதைமேல் ஏற்றிக் கைக்குழந்தையுடன் வந்தார். விழா நாளாகையால் மருத்துவமனை மூடப்பட்டிருந்ததென வருந்தினார். பெர்த்தா முயன்று அப்பெண்ணுக்கு மருத்துவமனையில் இடம் பெற்றுத் தந்தார். இரவில் அவள் இறந்தாள். மறுநாள் காலை அவ்வேழை குழந்தையுடன் பெர்த்தாவின் வாயிலில் நின்றார். தம் இருப்பிடத்தில் இதனை வளர்க்க வழியில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வந்தது ஒரு குழந்தை. ஒரு வாரத்திற்குள் மேலும் இரண்டு சேர்ந்தன. மதிலோரத்துப் பழைய வீடு குழந்தைகள் இல்லமாயிற்று. ஸ்பாஃபோர்டு பெயர் தாங்கிய சிறார் நலமையமாக அது இன்றும் அங்கேயே உள்ளது. பாடலைப் படித்த எமக்கு, நான்கு பெண்மக்களைக் கடலுக்குக் கொடுத்த வீட்டின் வாயிலில் இப்பிள்ளை வந்து நின்ற காட்சி நெஞ்சை விட்டு அகலவில்லை.

பொதுவுடைமை வாழ்வு 1930-ஐ ஒட்டிப் பூசலில் கலைந்தது. மாளிகை விடுதியாகி இன்றும் நடைபெறுகிறது. 1948 போரில் அவ்விடம் போர்முனையிலேயே அமைந்துவிட, மீண்டும் காயமுற்றோர் வந்தனர். மீண்டும் கட்டில்கள் விரிக்கப்பட்டன. நகரம் இரண்டாகப் பிளவுண்டு, 1967 போரில் முழுவதும் இசுரேலின் வசமாயிற்று. பெர்த்தா 1968-இல் மறைந்தார்.

அதன்பின்னும் தொண்டர் செல்வது நிற்கவில்லை. உலகத் திருச்சபைகள் மன்றம் 2002-இல் தொடங்கிய துணைநிற்கும் திட்டத்தின்கீழ், பல நாட்டுத் தொண்டர்கள் ஏறத்தாழ மூன்று மாதக் காலம் அங்குத் தங்கி, சோதனைச் சாவடிகளிலும் பள்ளிக்குச் செல்லும் சிறார் வழிகளிலும் உடன் நிற்கின்றனர். அவர்கள் ஒருசார்பானவர்கள் என்று இசுரேல் அரசு குறை கூறியதும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் பெரும்பாலும் திருப்பயணிகள். அவர்களுக்கு அரசு நிதியுதவி 2011-இல் அறிவிக்கப்பட்டது. பத்து நாள் பயணத்தில் கோயில்களைக் காணவே பொழுது போதாது. அதில் பிழையும் இல்லை. 2023 அக்டோபரில் மூண்ட போருக்குப்பின் பயணியர் வரவு குன்ற, அவ்வாண்டு பெத்லகேமில் கிறிஸ்துமசுக் கொண்டாட்டங்களே கைவிடப்பட்டன.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை அடுத்த வாயிற் பெரியவரிடம் சென்று படித்துக் காட்டினோம். மகள்களைப் பற்றிய பகுதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தலைமைப் பூசலைப் படிக்கையில், “எங்கும் உள்ளதுதானே” என்றார். கொடியைப் பற்றிய பகுதி வந்தபோது கையமர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“அந்த விரிப்பைக் கிழித்து எடுத்துவிட்டால், அந்தக் கட்டிலில் கிடந்தவன் எதிலே படுத்தான், தம்பி?”

நாம் விடையின்றி நின்றோம். அவர் தாமே சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “போர்க்காலத்தில் எங்கள் வார்டில் விரிப்பு எப்போதும் நாலைந்து குறையத்தான் இருக்கும். தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து யாராவது போட்டிருப்பார்கள்” என்று கூறிவிட்டு, “மேலே படியுங்கள்” என்றார்.